பத்து இலட்சம் மெழுகுதிரியும் ஒரு ஜாம் போத்தலும்



எங்கள் வீட்டு பேஸ்மென்ற் படியின் கீழ் ஒரு பெரிய தேடொளிக் கைவிளக்கு இருக்கிறது. துப்பாக்கிக்கு இருப்பது போன்ற பிடி, சோற்றுக் கோப்பை அகலத்தில் கண்ணாடி, உள்ளே ஈயப் பற்றரி. இரண்டு கிலோவுக்குக் குறையாத கனம். 2001 இல் ரொறன்ரோவில் மலிவு விற்பனையில் வாங்கினேன். பெட்டியில் "பத்து இலட்சம் மெழுகுதிரி வலு" என்று போட்டிருந்தது. கணக்காளன் அல்லவா, எண்ணைக் கண்டதும் ஆசை வந்துவிட்டது. அந்த ஆசையின் கணக்கைத்தான் இம்மாதம் உங்களோடு பார்க்கப்போகிறேன்.

முதலில் ரோச் லைற்றின் வரலாறு. 1866 இல் பிரான்சைச் சேர்ந்த ஜோர்ஜ் லெக்லான்ஷே செய்த மின்கலம் திரவம் நிறைந்த கண்ணாடிச் சாடி. அதைச் சட்டைப்பைக்குள் வைக்க முடியாது. 1880களில் ஜேர்மனியரான கார்ல் காஸ்னர் திரவம் சிந்தாத உலர்கலத்தைச் செய்தார். அதன் பிறகே வெளிச்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்க வழி பிறந்தது. 1899 ஜனவரியில் டேவிட் மிசெல் என்பவருக்கு அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. காகிதக் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று பற்றரி, முன்னால் ஒரு சிறு பல்பு, அவ்வளவுதான். அன்றைய பற்றரி விரைவில் களைத்துவிடும். கொஞ்சம் எரித்து, அணைத்து, ஓய்வு கொடுக்கவேண்டும். அதனால்தான் அமெரிக்கர் அதற்கு "பிளாஷ் லைற்" என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் காப்புரிமைக்கு உரிய கம்பனியின் சொந்தக்காரர் கொன்ராட் ஹியூபர்ட். அவரும் எங்களைப்போல் ஒரு வந்தேறிதான். ரஷ்யப் பேரரசின் மின்ஸ்க் பகுதியிலிருந்து நியூயோர்க் வந்த யூதர். அகிபா ஹொரோவிட்ஸ் என்ற பெயரை வந்த இடத்தில் மாற்றிக்கொண்டவர். அவருடைய கம்பனியிலிருந்து வளர்ந்ததுதான் ஊரில் நாம் எல்லோரும் அறிந்த எவரெடி.

தேடொளி வந்த வழி வேறு. இரண்டு கரிக்கோல்களுக்கு இடையே மின்பொறி எரியும் விளக்கு அது. பின்னால் பெரிய குழியாடி. இரண்டாம் உலகப் போரில் வானத்தைத் துழாவிய அமெரிக்கப் படையின் 60 அங்குல விளக்கு 80 கோடி மெழுகுதிரி வலு கொண்டது. அதற்குத் தனி மின்பிறப்பாக்கியும் இயக்க ஆட்களும் வேண்டும். 1951 இல் ஜேர்மனியில் விற்பனைக்கு வந்த செனன் விளக்கும், 1959 இல் அமெரிக்காவில் உருவான ஹலோஜன் பல்பும், மூடி முத்திரையிட்ட ஈயப் பற்றரியும் சேர்ந்துதான் தேடொளியை ஒரு கைக்குள் அடக்கின.

மெழுகுதிரி வலு என்பது மொத்த வெளிச்சத்தின் அளவு அல்ல; ஒரு திசையில் எவ்வளவு கூராகப் பாய்கிறது என்பதன் அளவு. 2009 இல் அமெரிக்காவில் வந்த தரவிதிப்படி, ஒளிக்கற்றை எட்டும் தூரம் என்பது முழுநிலவின் அளவு வெளிச்சம், அதாவது 0.25 லக்ஸ், விழும் தூரம். உண்மையான பத்து இலட்சம் என்றால் 2 கிலோமீற்றர். பெட்டியில் போடும் எண்கள் பெரும்பாலும் விளம்பரக்காரர் எண்கள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

இனி எங்கள் கதை. 1990 இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. வடக்குக்குக் கொண்டுபோகத் தடைசெய்யப்பட்ட பொருட்களில் பற்றரியும் ஒன்று. செத்த பற்றரியை வெயிலில் காயவைத்தோம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டோம். ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் பஞ்சு, துளி மண்ணெண்ணெய், ஒரு திரி. அந்த விளக்கில்தான் நான் வர்த்தகப் பட்டப்படிப்புக்குப் படித்தேன்.

1994 இல் கிளாலிக் கடலை இரவில் கடந்தேன். ஆனையிறவுப் பாதை மூடியிருந்த காலம். 1993 ஜனவரி 2 அன்று அதே கடலில் பயணிகள் படகுகள் தாக்கப்பட்டுப் பொதுமக்கள் பலர் இறந்திருந்தார்கள். என் பையில் அப்பாவின் இரண்டு பற்றரி ரோச் இருந்தது. ஓட்டி ஏறும்போதே சொன்னார்: "தம்பி, ரோச்சை மட்டும் அடிச்சுப்போடாதை." தூரத்தில் ஒரு வெளிச்சம் தண்ணீரைத் தடவிக்கொண்டு போனது. படகில் ஒருவரும் மூச்சுவிடவில்லை. வெளிச்சத்துக்குப் பயந்த ஆள் நான். கனடாவில் பெரிய லைற் வாங்க ஆசைப்பட்டதற்கு அந்த இரவும் ஒரு காரணம் என்று இப்போது நினைக்கிறேன். இம்முறை பிடி என் கையில் இருக்கவேண்டும்.

2003 ஓகஸ்ட் 14 மாலை நாலு மணி கடந்ததும் ஒன்ராறியோவும் அமெரிக்காவின் பல மாநிலங்களும் இருண்டன. ஏறத்தாழ 5 கோடி மக்களுக்கு மின்சாரம் இல்லை. நாங்கள் இருந்தது தொடர்மாடியின் 11ஆம் தளம். எலிவேற்றர் நின்றுவிட்டது. "பயப்படாதேங்கோ, என்னட்டைப் பெரிய லைற் இருக்கு" என்று தளம் முழுவதும் சொல்லிவிட்டேன். எடுத்து அழுத்தினால் செம்மஞ்சளாய் ஒரு மினுக்கம், பிறகு ஒன்றுமில்லை. இரண்டு வருடம் சார்ஜ் செய்யாமல் அலுமாரிக்குள் கிடந்தது அது. என் பேச்சை நம்பிக் கீழே இறங்கப் புறப்பட்ட பக்கத்து வீட்டு மாமி இருட்டில் படி தவறி மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அம்மா சாமியறைத் திரியையும் தேங்காய் எண்ணெயையும் எடுத்து, ஜாம் போத்தலில் விளக்கேற்றி வாசலில் வைத்தார். "பத்து இலட்சம் எண்டாய், இதின்ரை அளவும் இல்லையே" என்றார். பல வருடம் இருட்டில் வாழ்ந்த எனக்கு அதற்குப் பதில் இருக்கவில்லை.

பிறகுதான் படித்து அறிந்தேன். ஈயப் பற்றரி சும்மா இருந்தாலும் மெல்ல மெல்ல வலு இழக்கும். வெறுமையாகக் கிடந்தால் தகடுகளில் ஈய சல்பேற் பளிங்காக இறுகிவிடும். அதன் பின் சார்ஜ் ஏறாது. ஆகவே பாவித்த அன்றே சார்ஜ் செய்யவேண்டும். பாவிக்காவிட்டாலும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யவேண்டும். ஹலோஜன் பல்பை வெறுங்கையால் தொடக்கூடாது. விரல் எண்ணெய் பட்ட இடம் அளவுக்கு மீறிச் சூடாகிப் பல்பு பழுதாகும். எரியும்போது கண்ணாடியைக் கம்பளத்தில் கவிழ்த்து வைக்கக்கூடாது, தீப்பிடிக்கும். வாகன ஓட்டிகள் மீதோ விமானத்தை நோக்கியோ அடிக்கக்கூடாது. சாதாரண ரோச் என்றால் பற்றரியைக் கழற்றி வையுங்கள், கசிந்து உள்ளே அரித்துவிடும். இன்றைய எல்.ஈ.டி. விளக்குகளின் லித்தியம் பற்றரியை நீண்டநாள் வைப்பதானால் பாதி சார்ஜில், குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

என் லைற் இன்றும் இருக்கிறது. இப்போது உள்ளே இருப்பது ஐந்தாவது பற்றரி. வீட்டுக் கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் சார்ஜ் செய்த திகதியை எழுதுகிறேன். தேய்மானம் எழுதினால் அதன் பெறுமதி எப்போதோ பூச்சியம். மாமி காலமாகிவிட்டார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்தத் திகதியை எழுதும்போது அவரின் மணிக்கட்டு நினைவுக்கு வரும்.

நேயர்களே, உங்கள் வீட்டு லைற் எங்கே இருக்கிறது? இதை வாசித்து முடித்ததும் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அடுத்த மாதம் சந்திப்போம்.