ஜாதி நாய்: ராஜபாளையத்திலிருந்து சில குறிப்புகள்

1

எங்கள் ஊரில் நாய்க்கும் ஜாதி உண்டு. உருவகமாகச் சொல்லவில்லை. ராஜபாளையத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கி நாய்க்குட்டி கிடைக்குமா என்று விசாரித்தால் முதலில் வரும் எதிர்க்கேள்வி, ‘ஜாதி நாயா, சும்மா வளக்கவா?’ என்பதுதான். ஜாதி உள்ளது விலைக்கு. ஜாதி இல்லாதது தெருவுக்கு. நாயைப் பற்றி எழுத உட்கார்ந்தால் மனிதரைப் பற்றி எழுதுவதில் போய் முடிவது இந்த ஒரு சொல்லால்தான்.

நான் பஞ்சாலைத் தொழிலாளி வீட்டுப் பிள்ளை. வெள்ளை நாயை மாந்தோப்புக் கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுதான் பார்த்திருக்கிறேன். எனக்குப் பதினோரு வயதிருக்கும்போது அப்பா ஒரு குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். நாய் வளர்ப்பவர் ஒருவர் சும்மா கொடுத்தது. ‘காசெல்லாம் வேணாம் அண்ணாச்சி, தூக்கிட்டுப் போங்க. இதுக்குக் காது கேக்காது’ என்று சொல்லித்தான் கொடுத்தாராம். பால் வெள்ளை, சிவந்த மூக்கு, தேன் நிறக் கண். தெருவில் எங்களுக்குப் புதிதாக ஒரு மரியாதை வந்தது. எட்டு மாதத்தில் நாய் என் இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டது. கூப்பிட்டால் வராது. தூங்கும்போது தொட்டால் திடுக்கிட்டுக் கடிக்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையைக் கடித்த அன்று ராத்திரி, அப்பாவும் நானும் அதை ஒரு லோடு வண்டியில் ஏற்றி, பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி ஸ்ரீவில்லிபுத்தூர் சந்தைப் பக்கம் இறக்கிவிட்டுவிட்டு வந்தோம். காது கேட்டிருந்தால் வண்டிச் சத்தத்தின் பின்னால் ஓடி வந்திருக்கும். நான் திரும்பிப் பார்த்தபோது அது வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றது.

முப்பது வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இந்தக் குறிப்புகள் அந்தச் சந்தையிலிருந்துதான் தொடங்குகின்றன.

2

தமிழ்ச் சமூகம் நாயை எப்போதும் ஜாதியால் அறிந்திருந்தது என்று சொல்ல முடியாது. சங்கப் பாடல்களில் ஞமலி வேட்டுவரோடு காட்டில் ஓடுகிறது. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு. வீரனோடு ஒரு நாயும் செதுக்கப்பட்டிருக்கிறது. கல்லில் அதன் பெயரும் உண்டு: கோவிவன். கள்வர் இருவரைக் கடித்துக் காவல் நின்றது என்பது அதற்குக் கிடைத்த வரலாறு. என்ன இனம், என்ன நிறம், தாய் தகப்பன் யார் என்று கல் சொல்லவில்லை. என்ன செய்தது என்று மட்டுமே சொல்கிறது.

ராஜபாளையம் நாயின் கதை வேறு விதமாகச் சொல்லப்படுகிறது. விஜயநகர, நாயக்கர் காலங்களில் தெலுங்கு நாட்டிலிருந்து வந்து மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் குடியமர்ந்த ராஜுக்களின் நாய் அது; காட்டுப்பன்றி வேட்டைக்கும் தோட்டக் காவலுக்கும் வளர்க்கப்பட்டது. பாளையக்காரர் போர்களில் கம்பெனியின் குதிரைப்படைமேல் ஏவப்பட்டது என்பது வாய்வழிக் கதை. நாய் வளர்ப்பவர் யாரிடம் பேசினாலும் இந்தக் கதை வந்துவிடும். அதை மறுப்பதல்ல என் நோக்கம். அது என்ன வேலை செய்கிறது என்று பார்க்க வேண்டும். வேட்டை நாயை அது போர்வீரனாக்குகிறது. நாய்க்கு க்ஷத்திரியப் பட்டம் கட்டுகிறது. அந்தப் பட்டத்தின் ஒரு பங்கு, சங்கிலியைப் பிடித்திருக்கும் கைக்கும் போய்ச் சேர்கிறது.

1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் மலைக்காடு 1988இல் சாம்பல்நிற அணில் சரணாலயமாயிற்று. 2021இல் மேகமலையோடு சேர்ந்து நாட்டின் 51ஆவது புலிகள் காப்பகமாயிற்று. அதாவது, எந்த வேலைக்காக இந்த நாய் உருவானதோ அந்த வேலை சட்டப்படி முடிந்துபோயிற்று. வேலை போன பிறகு எஞ்சியது நிறம் மட்டும்தான்.

இந்த நிறத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ராஜபாளையம் ஈற்றில் கறுப்பு, பழுப்பு, புள்ளி என்று குட்டிகள் பிறப்பது இயல்பு. ஆனால் வெள்ளைதான் ‘சுத்தம்’ எனப்பட்டது. மற்ற நிறக் குட்டிகள் பிறந்தவுடனேயே ஈற்றிலிருந்து கழிக்கப்பட்டன. ‘கழிச்சாச்சு’ என்ற சொல்லுக்குள் எத்தனை சாக்குப் பைகள், எத்தனை கிணறுகள் இருக்கின்றன என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வெள்ளையை வெள்ளையோடு, நெருங்கிய ரத்தத்துக்குள்ளேயே சேர்த்துக்கொண்டு போனதன் விலைதான் காது. தோலுக்கு நிறம் தருகிற அதே நிறமிச் செல்கள் உட்செவியிலும் இருக்கின்றன. அங்கே அவை இல்லாமல் போனால், பிறந்த சில வாரங்களுக்குள் கேட்கும் செல்கள் அழிந்துவிடும். டால்மேஷியன் நாய்களிலும் இதே கதைதான். எங்கள் வீட்டு நாயின் செவிடு தற்செயல் அல்ல. சுத்தம் தேடியதன் நேரடி விளைவு.

இதை ‘நமது மரபு’ என்று மட்டும் சொல்லித் தப்பிக்க முடியாது. இங்கிலாந்தில் கென்னல் கிளப் தொடங்கியது 1873இல். வம்சாவளிப் பதிவேடு, நிறத்துக்கும் உயரத்துக்கும் விதி, கண்காட்சி மேடை, கோப்பை எல்லாம் அதோடு வந்தவை. பத்தே ஆண்டில், 1883இல், மனித இனத்தையும் இப்படித் தேர்ந்து ‘மேம்படுத்தும்’ இயலுக்கு ஃபிரான்சிஸ் கால்ட்டன் யூஜெனிக்ஸ் என்று பெயர் சூட்டினார். நாய்ப் பட்டியிலிருந்து மனிதனுக்குப் போகும் பாதை அவ்வளவு குறுகியது. ஜாதி என்பது ரத்தத்தைக் காக்கும் விஞ்ஞான ஏற்பாடு என்று வாதிட்டவர்களை 1936இல் ‘ஜாதியை ஒழித்தல்’ உரையில் அம்பேத்கர் எதிர்கொண்டார். அந்த வாதத்தை அவர் அதன் தளத்திலேயே நின்று உடைத்தார்.

மதுரை வட்டாரக் கிராமங்கள் சிலவற்றில் தலித்துகள் ஆண் நாய் வளர்க்கத் தடை இருந்ததைத் தீண்டாமை குறித்த கள அறிக்கைகள் பதிவு செய்திருக்கின்றன. சேரி ஆண் நாய், ஊர்ப் பெட்டை நாயைத் தொட்டுவிடுமாம். ‘ஜாதி நாய்’ என்ற சொல்லை உருவகம் என்று இனி யாரும் சொல்ல வேண்டாம்.

3

ஜாதி நாய்க்கு எதிர்ச்சொல் ஒன்றை வெள்ளைக்காரன் நம்மிடமிருந்தே எடுத்துக்கொண்டான். தெருவில் திரியும் நாய்க்கு ஆங்கிலத்தில் ‘பறையா டாக்’ என்று பெயர். ஒரு மக்கள் கூட்டத்தின் பெயர், யாருக்கும் சொந்தமில்லாத விலங்கின் பெயராகி, விலங்கியல் நூல்களிலும் ஏறிவிட்டது. இன்று விலங்கு நல ஆர்வலர்கள் அந்தப் பெயரைத் தவிர்த்து ‘இண்டாக்’ என்கிறார்கள். நல்லதுதான். ஆனால் பெயர் மாறியதால் இடம் மாறிவிடவில்லை.

காலனிய நகராட்சி தெருநாயை அறிந்தது கொல்ல வேண்டிய ஒன்றாக. பம்பாயில் 1832 ஜூனில், நாய்க் கொலைக்குக் காசு கொடுத்த உத்தரவை எதிர்த்துப் பார்சிகள் கலகத்தில் இறங்கினர். நகரின் நாய் யாருடையது, அதன் உயிர் யார் பொறுப்பு என்ற கேள்வி இந்தியாவில் முதலில் தெருச் சண்டையாகத்தான் எழுந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு, மாநிலங்களவையில் ருக்மிணிதேவி அருண்டேல் 1953இல் கொண்டுவந்த தனிநபர் மசோதா வழியாக 1960இல் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் வந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்துக்கு அவரே முதல் தலைவர். ஆனால் அதே சட்டத்தின் 11ஆவது பிரிவு, வதை எது எது என்று பட்டியலிட்டுவிட்டு, தெருநாய்களைக் கொலைக்கூண்டில் கொல்வது வதையாகாது என்று விலக்கும் அளித்தது. கருணையின் எல்லைக்கோடு தெரு முனையில் நின்றுவிட்டது.

அந்தக் கோட்டை நகர்த்தியவர்கள் தன்னார்வலர்கள். 1959இல் கேப்டன் வி. சுந்தரம் குடும்பத்தார் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ், 1960களிலிருந்தே மாநகராட்சியிடம் சொல்லிக்கொண்டிருந்தது ஒன்றுதான்: கொல்லாதே, கருத்தடை செய், தடுப்பூசி போடு, பிடித்த இடத்திலேயே விடு. நாய்களைக் கொன்று அகற்றுவதால் மட்டும் நாய்த்தொகையும் ரேபிஸும் குறையும் என்பதற்குச் சான்றில்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சொன்னது. காலியான இடத்துக்கு அடுத்த தெரு நாய் வந்து குட்டி போடும், அவ்வளவுதான். சென்னை மாநகராட்சி கொலையை விட்டுக் கருத்தடைக்கு மாறியது 1996இல். 2001இல் அது தேசிய விதியாயிற்று. 2023இல் விதிகள் புதுப்பிக்கப்பட்டன. 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் டெல்லித் தெருநாய்களையெல்லாம் காப்பகங்களில் அடைக்கச் சொல்லி, பதினோராம் நாள் அதைத் திருத்தி, வெறியும் மூர்க்கமும் உள்ளவை தவிர மற்றவற்றைப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. 1832இன் கேள்வி இன்னும் முடியவில்லை.

4

தெருநாயைக் கொன்ற அதே அரசு ஜாதி நாயைப் பெருக்கவும் செய்தது. 1980களிலிருந்து சைதாப்பேட்டையில் கால்நடைப் பராமரிப்புத் துறை ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்றுவந்தது. விலங்கு நல அமைப்பு ஒன்று தொடுத்த வழக்கில், 2010களில் உயர்நீதிமன்றம் அதை மூட உத்தரவிட்டது. 2005இல் ராஜபாளையம் நாய்க்குத் தபால்தலை வந்தது. 2017 ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பிறகு ‘நாட்டு’ என்ற சொல்லுக்குப் புது மவுசு ஏற்பட்டது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலியில் இந்திய நாய் இனங்களை வளர்க்கச் சொன்னபோது ராஜபாளையத்தின் பெயரையும் சொன்னார்.

இங்கே ஒரு சொல் இடம் மாறியதைக் கவனிக்க வேண்டும். என் சின்ன வயதில் ‘நாட்டு நாய்’ என்றால் சீமை நாய்க்கு எதிரான, மதிப்பில்லாத தெரு நாய். இன்று ‘நாட்டு நாய்’ என்றால் பெருமைக்குரிய ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை. நாட்டுக்குள் தெரு வரவில்லை. சுதேசிப் பெருமை ஜாதியை ஒழிக்கவில்லை, அதற்கு வேறு சட்டை போட்டுவிட்டது.

வாங்கியவர்கள் எங்கே வளர்க்கிறார்கள்? இரண்டு படுக்கையறைக் குடியிருப்பில். காட்டில் ஓடப் பிறந்த உடம்பு, ஒருவரிடம் மட்டுமே ஒட்டும் சுபாவம், அந்நியரைச் சகிக்காத காவல் குணம். வாசல்மணி அடித்தால் கதவில் மோதும். ஒரு வருஷத்தில் ‘ஊருக்குக் கொடுத்துட்டோம்’ என்ற பேச்சு வரும். அந்த ஊர் பெரும்பாலும் நெடுஞ்சாலை ஓரம்தான்.

விதி இல்லாமல் இல்லை. 2017இன் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள்படி, வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிய வேண்டும். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. பதினெட்டு மாதம் நிறையாத பெட்டையைச் சேர்க்கக் கூடாது. ஆண்டுக்கு ஓர் ஈற்று, ஆயுளுக்கு ஐந்து. இவற்றை வளர்ப்பவரிடம் படித்துக் காட்டினேன். சிரித்தார். ‘சார், சட்டம் குட்டிய எண்ணும். கழிச்ச குட்டிய யாரு எண்ணுவா?’

5

கழித்த குட்டியை எண்ணுகிறவர்களை எங்கள் பக்கத்தில் பார்த்தேன். பெயர்ப்பலகை இல்லாத நாலைந்து பேர்: மில் ஷிப்ட் முடித்து வருபவர், கல்லூரிப் பெண், மருந்துக்கடைப் பையன். அடிபட்டதைத் தூக்குகிறார்கள். பார்வோ கண்ட குட்டிக்கு ராத்திரி முழுக்க குளுக்கோஸ் ஏற்றுகிறார்கள். தேறியதற்கு வீடு தேடுகிறார்கள். கேட்டவருக்கெல்லாம் கொடுப்பதில்லை, வீட்டைப் போய்ப் பார்க்கிறார்கள், வீட்டில் எல்லோருக்கும் சம்மதமா என்று கேட்கிறார்கள், கருத்தடை செய்யாமல் பெரிய நாயைக் கொடுப்பதில்லை, மூன்று மாதம் கழித்துத் திரும்பப் போய்ப் பார்க்கிறார்கள். முடியவில்லை என்றால் எங்களிடமே கொடுங்கள், தெருவில் விடாதீர்கள் என்று எழுதி வாங்குகிறார்கள். உணர்ச்சிவசப்படும் கருணை அல்ல இது. இரக்கத்தைக் கணக்கு வைத்து நடத்துகிற வேலை.

இவர்களிடம் எனக்கு விமரிசனமும் உண்டு. நகரத்து விலங்கு நலப் பேச்சில் ஒரு மேட்டுக்குடித் தொனி இருக்கிறது. இந்தியாவில் ஆண்டுக்குப் பதினெட்டாயிரம் முதல் இருபதாயிரம் பேர்வரை ரேபிஸால் சாவதாக உலக சுகாதார நிறுவனம் நெடுங்காலம் மதிப்பிட்டுவந்தது. செத்தவர்களில் அதிகம் ஏழைகள். அதிலும் நிறைய குழந்தைகள். காருக்குள் இருப்பவருக்குத் தெருநாய் ஒரு இரக்கம். விடியற்காலை ஷிப்டுக்கு நடந்து போகும் பெண்ணுக்கு அது பயம். அந்தப் பயத்தைக் குரூரம் என்று பெயரிடுவது வர்க்கத் திமிர். ஆனால் எங்கள் ஊர்க் குழு இதை அறிந்திருக்கிறது. அவர்களே அந்த ஷிப்டுக்குப் போகிறவர்கள். ‘ஊசி போட்ட நாயி நம்ம பிள்ளைக்கும் காவல்ண்ணே’ என்றாள் அந்தக் கல்லூரிப் பெண். நாயின் உரிமையும் தெருக்காரரின் உயிரும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. இரண்டையும் வெட்டுவது நகராட்சியின் மெத்தனம்.

‘தத்து’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய தர்மசாஸ்திரத்தில் தத்து என்பது வம்சம் அறாமல் இருக்க, அதே ஜாதிக்குள் எடுப்பது. இங்கே தத்து, வம்சம் கேட்காமல் எடுப்பது. வாங்குகிறவன் சுத்தத்தைக் கேட்கிறான்; தத்தெடுக்கிறவனிடம் அவனுடைய யோக்கியதையைக் கேட்கிறார்கள். கேள்வியின் திசை மாறிவிடுகிறது. இந்தச் சின்னக் குழுக்கள் செய்திருக்கும் பெரிய காரியம் என்று நான் நினைப்பது இதைத்தான்.

6

போன வருஷம் ஒரு குட்டி கேட்டுப் போனேன். மண் நிறம், ஒரு காது மடிந்தது, சந்தைப் பக்கம் கிடைத்தது. படிவம் கொடுத்தார்கள். பெயர், முகவரி, வீடு சொந்தமா வாடகையா என்று எழுதிக்கொண்டே வந்தேன். அடுத்த கேள்வி: ‘இதற்கு முன் நாய் வளர்த்திருக்கிறீர்களா? அது என்ன ஆயிற்று?’

பேனா நின்றுவிட்டது. செத்துப்போச்சு என்று எழுதினால் யாருக்கும் தெரியப் போவதில்லை. ‘எழுதுங்கண்ணே’ என்றாள் அந்தப் பெண். எழுதினேன்: ‘காது கேட்காது. கொண்டுபோய் விட்டுவிட்டோம்.’ அவள் படித்தாள். திட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ‘ஆறு மாசம் வாரா வாரம் வந்து எங்ககூட வேலை செய்ங்க. பிறகு பாப்போம்’ என்றாள்.

நான்கு மாதம் முடிந்திருக்கிறது. எல்லா ஊருக்கும், நாய்க் கண்காட்சிக்குக் கோப்பை கொடுக்கும் எல்லா மேடைக்கும், தபால்தலை வெளியிட்ட அரசுக்கும் அந்தப் படிவத்தை ஒருமுறை நீட்டிப் பார்க்கலாம். இதற்கு முன் வளர்த்தது என்ன ஆயிற்று?