ஆளுமைக் கோளாறுக்கு இருவகை உளச்சிகிச்சை: ஒரு வரலாறு

ஆளுமைக் கோளாறுக்குத் தரப்படும் உளச்சிகிச்சையில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று சிறப்புச் சிகிச்சை: அந்தக் கோளாறுக்கென்றே வகுக்கப்பட்டது, தனிப் பயிற்சி பெற்றவர்கள் நடத்துவது. மற்றது பொதுச் சிகிச்சை: மனநலப் பிரிவில் ஏற்கெனவே பணியிலிருக்கும் மருத்துவரும் உளவியலாளரும் செவிலியரும், கோளாறைப் புரிந்துகொண்டு ஒரு திட்டப்படி தருவது. இவற்றில் எது சிறந்தது என்ற விவாதம் மேலை நாடுகளின் ஆய்வுக்கூடங்களில் தொடங்கினாலும், அதன் முடிவு புதுச்சேரி போன்ற ஊர்களின் நோயாளிகளையே அதிகம் தொடுகிறது.

அறிவு தெளிவாக இருந்தும் உணர்ச்சியும் நடத்தையும் கட்டுக்குள் வராதவர்களைப் பற்றிப் பிரெஞ்சு மருத்துவர் பிலிப் பினெல் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுதினார். ஜெர்மனியில் குர்ட் ஷ்னைடர் 1923இல் இத்தகைய ஆளுமைகளை வகைப்படுத்தினார். 1938இல் நியூயார்க்கின் அடால்ஃப் ஸ்டெர்ன், அன்றைய உளப்பகுப்பாய்வு முறைக்கு இணங்காத நோயாளிகளை 'எல்லைநிலை' என்ற சொல்லால் குறித்தார். 1980இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய்க் கையேட்டில் எல்லைநிலை ஆளுமைக் கோளாறு இடம்பெற்றது. உறவுகளில் கொந்தளிப்பு, கைவிடப்படுவோமோ என்ற தீராத அச்சம், நொடியில் மாறும் மனநிலை, தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுதல், திரும்பத் திரும்பத் தற்கொலை முயற்சி ஆகியவை அதன் அடையாளங்கள். சிகிச்சை ஆய்வுகளில் மிகப் பெரும்பாலானவை இந்த ஒரு கோளாறைப் பற்றியவையே.

இது தீராத நோய் என்ற எண்ணமே மருத்துவர்களிடம் நெடுங்காலம் நிலவியது. அதை முதலில் அசைத்தவர் அமெரிக்காவின் மார்ஷா லினஹான். அவர் உருவாக்கிய டயலெக்டிகல் பிஹேவியர் தெரபி, சுருக்கமாக டிபிடி, நான்கு பகுதிகள் கொண்டது: வாரந்தோறும் தனிச் சந்திப்பு, உணர்ச்சியைக் கையாளும் திறன்களைக் கற்பிக்கும் குழு வகுப்பு, நெருக்கடியில் தொலைபேசி உதவி, சிகிச்சை தருபவர்கள் ஒருவரையொருவர் தாங்கிக்கொள்ளும் வாராந்தரக் கூட்டம். 1991இல் வெளியான அவருடைய ஆய்வில், டிபிடி பெற்ற பெண்கள் தம்மைக் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது. மருத்துவமனையில் தங்கிய நாட்களும் குறைந்தன. 1999இல் லண்டனின் ஆன்டனி பேட்மேனும் பீட்டர் ஃபோனகியும் மென்டலைசேஷன் சிகிச்சையின் முதல் ஆய்வை வெளியிட்டனர். தன் மனத்திலும் பிறர் மனத்திலும் என்ன ஓடுகிறது என்று நிதானித்துப் பார்க்கும் ஆற்றலை வளர்ப்பது அதன் நோக்கம். ஆட்டோ கெர்ன்பெர்கின் உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சையும் ஜெஃப்ரி யங்கின் ஸ்கீமா சிகிச்சையும் இந்த வரிசையில் சேர்ந்தன.

இந்த வெற்றிகளில் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. தொடக்க ஆய்வுகள் பலவற்றில் புதிய முறைக்கு எதிரே நிறுத்தப்பட்டது 'வழக்கமான கவனிப்பு'. அதற்குத் திட்டமோ தொடர்ச்சியோ இருக்கும் என்று சொல்ல முடியாது. அப்படியானால் நோயாளி தேறியது குறிப்பிட்ட உத்தியாலா, ஒழுங்காகவும் அக்கறையாகவும் கவனிக்கப்பட்டதாலா? அதை அறிய, பொதுச் சிகிச்சையையும் செம்மைப்படுத்தி எதிரே நிறுத்த வேண்டியிருந்தது.

அந்த ஒப்பீடுகள் அடுத்தடுத்து வந்தன. 2008இல் மெல்போர்னில் ஆண்ட்ரூ சானன் குழு, பதின்பருவத்தினரிடம் ஒரு சிறப்பு முறையையும் நெறிப்படுத்தப்பட்ட நல்ல பொதுக் கவனிப்பையும் ஒப்பிட்டது. இரு பிரிவினருமே வெகுவாகத் தேறினர். இரண்டாண்டு முடிவில் பெரிய வேறுபாடு இல்லை. 2009இல் டொரண்டோவில் ஷெல்லி மெக்மெய்ன் குழு 180 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவுக்கு டிபிடியும் மற்றதற்குப் பொது மனநல மேலாண்மையும் ஓராண்டு அளித்தது. தற்கொலை முயற்சிகளும் அவசரப் பிரிவுக்கு ஓடும் தடவைகளும் இரு பிரிவிலும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தன. அதே ஆண்டு பேட்மேனும் ஃபோனகியும் 134 பேரிடம் நடத்திய ஆய்வில், பொதுச் சிகிச்சையும் நல்ல பலன் தந்தது. ஆனால் மென்டலைசேஷன் பிரிவு கூடுதல் முன்னேற்றம் கண்டது.

பொதுச் சிகிச்சையை ஒரு முறையாகவே நிலைநிறுத்தியவர் பாஸ்டன் அருகிலுள்ள மெக்லீன் மருத்துவமனையின் ஜான் கண்டர்சன். 2014இல் வெளியான அவருடைய கையேட்டின் வழிமுறை எளிது: நோயின் பெயரை நோயாளியிடம் மறைக்காமல் சொல்வது, பெரும்பாலோர் காலப்போக்கில் தேறுவர் என்ற உண்மையைச் சொல்வது, குடும்பத்துக்கு விளக்குவது, வாரம் ஒரு முறை சந்தித்து, வேலை, படிப்பு, உறவு என்ற அன்றாட வாழ்க்கையை முன்னிறுத்துவது, மருந்தை அளவோடு தருவது. இதன் அடிப்படைகளை ஒரு நாள் பயிலரங்கிலேயே கற்பிக்க முடிகிறது. டிபிடிக்கோ நீண்ட பயிற்சியும் முழுக் குழுவும் வேண்டும்.

பொதுச் சிகிச்சை எல்லோருக்கும் போதும் என்று இதற்குப் பொருளல்ல. பேட்மேன், ஃபோனகி ஆய்வின் தரவுகளை 2013இல் மீண்டும் அலசியபோது, ஒன்றுக்கு மேற்பட்ட ஆளுமைக் கோளாறுகள் சேர்ந்த சிக்கலான நோயாளிகளிடம் சிறப்புச் சிகிச்சையின் மேன்மை கூடுதலாகத் தெரிந்தது. மறுபுறம், 2017இல் 33 ஆய்வுகளைத் தொகுத்த மதிப்பீடு ஒன்று, சிறப்புச் சிகிச்சைகள் பலன் தந்தாலும் அந்தப் பலன் சிறியது, எப்போதும் நிலைப்பதில்லை என்றது. டொரண்டோ நோயாளிகளிலும் இரண்டாண்டுக்குப் பின் பாதிப் பேருக்கு வேலையோ படிப்போ இல்லை. தற்கொலை எண்ணத்தைத் தணிப்பதை இரு மரபுகளும் கற்றுவிட்டன. வாழ்க்கையைக் கட்டியெழுப்புவது இரண்டுக்குமே கடினமாக இருக்கிறது.

இந்தியாவில் நடைமுறை தொடக்கத்திலிருந்தே பொதுச் சிகிச்சையை ஒட்டியதுதான். புதுச்சேரி இதில் தனி இடம் பெறுகிறது. பிரெஞ்சு ஆட்சியில் 1823இல் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழிவந்தது கோரிமேட்டிலுள்ள மருத்துவ நிறுவனமான ஜிப்மர். 1964இல் அந்தப் பெயர் பெற்றது. பிரெஞ்சு இந்தியப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962ஆம் ஆண்டிலேயே புதுச்சேரி நகரில் மனநலக் கணக்கெடுப்பு ஒன்று தொடங்கியது. மனநல மருத்துவர் என்.சி. சூர்யாவும் உடன் பணியாற்றியவர்களும் 2,731 பேரை ஆராய்ந்து, ஆயிரத்துக்கு 9.5 பேருக்கு மனநோய் இருப்பதாக 1964இல் அறிவித்தனர். இந்தியாவின் தொடக்ககால மனநோய்க் கணக்கெடுப்புகளில் இதுவும் ஒன்று.

அதே 1964இல் சூர்யாவும் ஜெயராமும் இந்தியச் சூழலில் உளச்சிகிச்சை பற்றி எழுதிய கட்டுரை இன்றும் பயனுள்ளது. இந்திய நோயாளி மன ஆழத்தின் விளக்கங்களைவிட நேரடித் துணையையே நாடுகிறார், மருத்துவரைக் குடும்பத்து மூத்தவர்போல ஏற்கிறார் என்று அவர்கள் கண்டனர். வேலூர் சி.எம்.சி. மனநல மையத்தில் நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கும் வழக்கம் 1950களின் இறுதியிலேயே வேரூன்றியது. அறிவுரை, குடும்பப் பங்கேற்பு, அன்றாடச் சிக்கலுக்குத் தீர்வு ஆகிய கண்டர்சன் முறையின் கூறுகள் இங்கே முன்பே இருந்தன. இல்லாதவை பெயரிட்ட நோயறிதல், எழுதப்பட்ட திட்டம், தொடர்ந்து ஒரே சிகிச்சையாளர் ஆகியவை. 'முன்கோபி', 'பிடிவாதக்காரி', 'நடிக்கிறாள்' என்ற பெயர்களோடு இந்தக் கோளாறு உள்ளவர்கள் வீட்டிலும், சில வேளை மருத்துவமனையிலும் ஒதுக்கப்பட்டார்கள்.

புதுச்சேரிக்கு இது சிறிய குறை அல்ல. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கில் 2015இல் இங்கு லட்சத்துக்கு 43.2 பேர் தற்கொலை செய்துகொண்டனர். நாட்டின் சராசரி 10.6. எல்லாத் தற்கொலைக்கும் ஆளுமைக் கோளாறு காரணமல்ல. ஆனால் முயற்சித்துப் பிழைத்து அவசரப் பிரிவுக்கு வருபவர்களில் இந்தக் கோளாறு உள்ளவர்களை இனங்காண்பது உயிர் காக்கும் வேலை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் தற்கொலைக்கு முயன்றவரைக் குற்றவாளியாக அல்ல, கடும் மன அழுத்தத்தில் இருப்பவராகக் கருதச் சொல்கிறது.

2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் புதிய வகைப்பாடும் ஆளுமைக் கோளாறை லேசானது, நடுத்தரமானது, கடுமையானது என்று தீவிரத்தால் பிரிக்கிறது. சிகிச்சைக்கும் அதுவே பொருத்தமான வழி. புதுச்சேரியின் சாரத்திலோ லாஸ்பேட்டையிலோ வசிப்பவருக்கு முதலில் கிடைக்க வேண்டியது அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஒழுங்கான பொதுச் சிகிச்சை. அதில் தேறாதவர்களுக்கும் நோய் கடுமையானவர்களுக்கும் அடுத்த படியாகச் சிறப்புச் சிகிச்சை வேண்டும். சிறப்பு நிபுணர் வரும்வரை எதுவும் செய்ய இயலாது என்ற காத்திருப்புக்கு ஆராய்ச்சியில் ஆதாரம் இல்லை. உடனடி உதவி தேவைப்படுபவர்கள் அரசின் டெலி மானஸ் இலவசத் தொலைபேசி எண் 14416ஐ எந்நேரமும் அழைக்கலாம்.