வெயிலில் மங்கும் கண்

கப்பலூர் வெயிலில் நடக்கும்போது ஒரு கண் மட்டும் மங்கி, நிழலில் இளைப்பாறியதும் தெளிகிறதா? முன்பு பார்வை நரம்பில் அழற்சி கண்டவர்க்கு இவ்வாறு நேர்வதுண்டு. உழைத்துக் களைத்தபின் வரும் இம்மங்கலை 1890-ஆம் ஆண்டில் ஜெர்மானிய மருத்துவர் ஊட்ஹாஃப் விவரித்தார். நரம்பிழையின் உறை சிதைந்த இடத்தில், உடற்சூடு ஏறினால் செய்தி தடைப்படுகிறது எனப் பின்னர் தெரிந்தது. சிவப்பு நிறம் வெளிறித் தெரிவதும் அந்நோயின் எச்சமே.

சிகிச்சையாக ஸ்டீராய்டு மாத்திரைகளை மருத்துவர்கள் நெடுங்காலம் நம்பினர். 1988-இல் அமெரிக்காவில் 457 நோயாளிகளைக் கொண்ட ஆய்வு தொடங்கிற்று. 1992-இல் முடிவு வந்தது: சிரைவழி ஏற்றிய மருந்து பார்வையை விரைந்து மீட்டது, வழக்கமான அளவில் மாத்திரை மட்டும் உண்டவர்க்கோ நோய் மறுபடி வருவது கூடிற்று!

ஆகவே, கண்ணை அசைக்கையில் வலியும், பார்வையில் மங்கலும் கண்டால் கடையில் மாத்திரை வாங்காதீர்கள்; அன்றே மதுரைக்குச் சென்று கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.