முழவோர் நினைவு

சென்னைக்கு மேற்கே பூவிருந்தவல்லி என்னும் ஊர் இருக்கிறது. திருக்கச்சி நம்பிகள் தோன்றிய ஊர் என்று வைணவ உலகம் அதனைப் போற்றும். ஆங்கிலக் கம்பெனியார் காலத்தில் அவ்வூருக்கு வேறொரு முகமும் இருந்தது. அது படைவீடாக விளங்கிற்று. படைவீடு என்றால் அங்கே முரசும் உண்டு. கைக்கடிகாரம் இல்லாத அந்நாளிலே, விடியலில் படைஞரைத் துயிலெழுப்பியதும், அணிவகுத்து நிற்கச் செய்ததும், இரவில் விடுதிக்குத் திரும்பச் சொன்னதும் முரசின் ஒலியே. அந்த இரவு முரசுக்கு 'டாட்டூ' என்று பெயர். "பீப்பாயின் குழாயை அடையுங்கள்" என்று மதுக்கடைக்காரருக்குச் சொல்லும் டச்சுச் சொற்றொடரிலிருந்து அப்பெயர் பிறந்ததாம். குடித்துக்கொண்டிருக்கும் வீரனை எழுப்பி அனுப்புவதற்கு அதைவிடத் தக்க உபாயம் வேறில்லை போலும்!

அந்த முரசுகளை அடித்தவர் யாவர்? இதற்கு விடை காணப் புகுந்தால் ஒரு வருத்தமான வரலாறு எதிர்ப்படுகிறது. ஐரோப்பியத் தந்தையர்க்கும் இந்தியத் தாய்மார்க்கும் பிறந்த மக்களைத் தம் உத்தியோகங்களிற் சேர்த்தல் ஆகாது என்று 1791-ஆம் ஆண்டு கம்பெனியின் இயக்குநர்கள் முடிவு செய்தனர். 1795-இல் மற்றோர் ஆணை பிறந்தது. பெற்றோர் இருவரும் ஐரோப்பியராக இல்லாத இவர்கள், படையில் குழலூதுவோராகவோ, முரசடிப்போராகவோ, வாத்தியக் குழுவினராகவோ, குதிரைக்கு லாடம் கட்டுவோராகவோ மட்டுமே இருக்கலாம் என்பது அதன் சாரம். தந்தை துப்பாக்கி ஏந்தி நடந்த படையிலே மகன் முரசைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தான். ஜேம்ஸ் ஸ்கின்னர் என்பவர் இத்தகைய மகன்களுள் ஒருவர். அவர் முரசை ஏற்கவில்லை. மராட்டியர் படையிற் சேர்ந்து வாளேந்தினார். 1803-இல் கம்பெனியின் பக்கம் வந்து ஒரு குதிரைப் படையைத் திரட்டினார். அவர் பெயர் நின்றது. முரசடித்தவர் பெயர்களோ நிற்கவில்லை. சம்பளக் கணக்கேடுகளில் அவை ஒருவேளை எழுதப்பட்டிருக்கலாம். ஆயினும் இன்னார் கை கனமானது, இன்னார் கை நளினமானது என்று சொல்லக்கூடியவர் இன்று எவரும் இல்லை.

முழவின் ஒலி காற்றிலே கரைவது. அடித்த கையை நினைவில் வைத்திருப்பவர் பெரும்பாலும் உடன் அடித்த இன்னொருவரே. இதனை மாணவர்கள் உணர்ந்துகொள்வதற்குப் பாசறையை விட்டுச் சங்கீத மேடைக்கு வரவேண்டும். அங்கே மிருதங்க வித்வான்களின் சரித்திரம், ஏறக்குறைய முழுவதும், நண்பர்களும் சீடர்களும் ஒருவரைப் பற்றி ஒருவர் சொல்லிவந்த சொற்களாகவே நமக்குக் கிடைத்திருக்கிறது.

புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையிடமிருந்து தொடங்கலாம். கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்கு உயர்த்தியவர் அவர். உடும்புத் தோல் போர்த்த சிறு வட்டப் பறை அது. ஒரே கையால் வாசிப்பது. (உடும்பு இப்போது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் இருக்கிறது, ஆகவே வேறு தோல்களைத் தேடவேண்டியதாயிற்று.) மாரியப்பத் தவில்காரரிடம் அவர் லயம் பயின்றார் என்பர். தவிலின் கணக்கு இவ்வாறு கஞ்சிராவிலும் மிருதங்கத்திலும் புகுந்து புதுக்கோட்டைச் சம்பிரதாயம் என்று பெயர் பெற்றது. அவருடைய சீடர் தட்சிணாமூர்த்தி பிள்ளை. மிருதங்கம், கஞ்சிரா, கடம் மூன்றும் அவருக்குக் கைவந்தவை. தஞ்சாவூரிலே வேறொரு வழி வளர்ந்தது. பஜனை மரபோடு ஒட்டி, பாட்டைத் தழுவிச் செல்லும் வழி அது. அவ்வழியில் வந்த தஞ்சாவூர் வைத்தியநாத ஐயர் வீட்டிலே சீடர்கள் பிள்ளைகளைப்போல வளர்ந்தனர். சிறுவயதிலேயே அவ்வீட்டுக்கு வந்து சேர்ந்த டி. கே. மூர்த்தி அவர்களுக்கு 2017-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. ஒரு வீட்டுத் திண்ணையில் விதைத்தது எத்தனை ஆண்டுகள் பலன் தருகிறது பாருங்கள்.

அந்த வீட்டுக்கு வந்த மற்றொரு சீடரே பாலக்காடு மணி ஐயர். 1912-இல் பிறந்தவர், சாத்தபுரம் சுப்பையரிடம் பாடம் தொடங்கியவர். மீசை அரும்பாத வயதிலேயே செம்பை வைத்தியநாத பாகவதருடன் சென்னைக்கு வந்து வாசித்தார். அப்போது தட்சிணாமூர்த்தி பிள்ளை புகழின் உச்சியில் இருந்தார். தமக்கு எதிரே ஒரு பாலகன் கிளம்பியிருப்பதைக் கண்டு பிள்ளையவர்கள் அழுக்காறு கொள்ளவில்லை. மனமார மெச்சினார் என்பது வழிவழியாகச் சொல்லப்பட்டுவரும் செய்தி. நான் இதனைப் பெரியதொரு செய்தியாகக் கருதுகிறேன். மூத்தவர் முகம் சுளித்திருந்தால், அன்றைய சபை வழக்கத்தில், அச்சிறுவனுக்கு வாயில் அடைத்திருக்கும்.

வாயில் அடைபடும் துன்பத்தை அறிந்தவர் ஒருவர் இருந்தார். அவர் பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962). அவருடைய தந்தை பழனி முத்தையா பிள்ளை புதுக்கோட்டை வழியில் வந்த மிருதங்க வித்வான். மகனோ இடக்கைப் பழக்கம் உடையவர். இதிலே என்ன இடையூறு என்று மாணவர்கள் கேட்கலாம். கச்சேரியில் பாடகரின் வலப்புறம் மிருதங்கக்காரர் அமர்வார், இடப்புறம் பிடில்காரர். அவ்வாறு அமர்ந்தால்தான் மிருதங்கத்தின் வலந்தலை சபையை நோக்கி இருக்கும். நாதத்தின் தெளிவு வலந்தலையில் அல்லவா இருக்கிறது? இடக்கைக்காரருக்கு எல்லாம் தலைகீழ். அவர் பிடில்காரர் இடத்தில் அமரவேண்டும்; பிடில்காரர் எழுந்து அப்பக்கம் போகவேண்டும். "ஒருவருக்காக நான் இடம் மாறுவதா?" என்ற எண்ணம் குறுக்கே நின்றது. வித்தையில் குறையில்லாத ஒருவர், அமரும் இடத்தின் பொருட்டு வாய்ப்பிழந்தார். செம்பை பாகவதர் இதனைப் பொருட்படுத்தவில்லை. பிள்ளையவர்களைத் தம் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு பாடினார்.

மணி ஐயரும் பழனியும் இரு வேறு சம்பிரதாயங்களின் பெருந்தூண்கள். இவர்களோடு ராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதியையும் சேர்த்து மும்மூர்த்திகள் என்று அக்காலத்தார் சொன்னார்கள். ரசிகர்கள் கட்சி கட்டி வாதாடியதுண்டு. ரசிகர்களுக்கு வேறு வேலை இல்லை. வித்வான்களோ அவ்வாறு இல்லை. மணி ஐயர் மிருதங்கம் ஏந்த, பழனி கஞ்சிராவை எடுத்துக்கொண்டு அவர் பக்கத்தில் அமர்ந்த கச்சேரிகள் பல. மிருதங்கத்தில் தாமே முதல்வராக இருக்கத்தக்கவர், நண்பருக்காக உபபக்கவாத்தியத்தைக் கையில் எடுத்தார். அறுபது வயதைக் காணாமலே பிள்ளையவர்கள் மறைந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1966-இல், மணி ஐயருக்குச் சங்கீத கலாநிதி விருது கிடைத்தது. மிருதங்க வித்வான் ஒருவர் அப்பட்டம் பெற்றது அதுவே முதல் முறை. பழனி இருந்து கண்டிருந்தால் எத்துணை மகிழ்ந்திருப்பார்!

மணி ஐயருக்கு ஒலிபெருக்கி பிடிக்காது. நாதத்தை அது கெடுக்கிறது என்று கருதி, ஒலிபெருக்கி வைத்த மேடையில் வாசிப்பதையே சில காலம் மறுத்தார். கேட்பவர் வாய்மூடிக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தால் போதும் என்பது அவர் கட்சி. 1981-இல் அவர் மறைந்தார். அவர் கையை இன்று நாம் அறிவதெல்லாம் ஒலிப்பதிவுகளின் வாயிலாகவும் ஒலிபெருக்கிகளின் வாயிலாகவுமே. பழனியின் சீடர் திருச்சி சங்கரன் 1971-இல் கனடா சென்று, டொரன்டோ நகரத்து யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்கம் கற்பித்தார். குருவின் இடக்கை நடையைப் பற்றி அவர் சொல்லக் கேட்டவர்களுள் தமிழ் அறியாதவரும் உண்டு.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒருவரை விட்டுவிட்டால் பூவிருந்தவல்லி முரசுக்காரனுக்கு நேர்ந்த அநியாயமே மீண்டும் நேரும். மிருதங்கம் பலாமரத்தைக் குடைந்து செய்வது. பசுத்தோலும் ஆட்டுத்தோலும் அதன் தலைகளில் அடங்கும். எருமைத்தோல் வார் அவற்றை இழுத்துக் கட்டும். வலந்தலை நடுவே கருங்கல் பொடியும் சோறும் குழைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கரணை இடவேண்டும்; அதன் கனத்தில் இம்மி பிசகினாலும் நாதம் போய்விடும். மணி ஐயரின் மிருதங்கங்களை இவ்வாறு உருவாக்கியவர் தஞ்சாவூர்ப் பர்லாந்து. மணி ஐயர் அவரோடு இருந்து, நாதத்தைப் பற்றிப் பேசிப் பேசிச் சோதனை செய்தார். ஆயினும் சபையில் பர்லாந்தின் பெயரை எவரும் சொல்லவில்லை. தோலைத் தொட்டு வேலை செய்த குடும்பங்கள் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்த காலம் அது. டி. எம். கிருஷ்ணா 2020-இல் 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்ற ஆங்கில நூலில் இக்குடும்பங்களின் வரலாற்றை எழுதினார். அவ்வீட்டு முதியவர்களும் தம் தந்தையரைப் பற்றியும், தம் தந்தையர் பழகிய வித்வான்களைப் பற்றியும் நினைவு கூர்ந்தனர். எந்த வித்வானுக்கு எந்தக் கனத்தில் தோல் பிடிக்கும் என்பது அவர்கள் விரல்களுக்குத் தெரிந்திருந்தது. ஆவடியிலிருந்தும் அம்பத்தூரிலிருந்தும் மின்சார ரயிலேறி மார்கழிக் கச்சேரிகளுக்குப் போகும் மாணவர்கள், சற்று முன்னதாகப் போனால் ஒரு காட்சியைக் காணலாம். மேடையின் ஓரத்திலே மிருதங்கக்காரர் ரவையைப் பிசைந்து தொப்பியின் நடுவில் அப்பிக்கொண்டிருப்பார். கச்சேரி முடிந்ததும் அதைச் சுரண்டி எடுத்துவிடுவார்.