திருத்தும் உரிமை

1998ஆம் ஆண்டில் வில்லியனூரை நடுவமாகக் கொண்டு, எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் நிலையங்களைத் தொடங்கியது. தொலைபேசி இணைப்பை நம்பமுடியாத காலம் அது. ஏம்பலம், கீழூர், வீராம்பட்டினம் முதலிய ஊர்களுக்குக் கம்பியில்லாக் கருவிகள் வழியே செய்தி சென்றது. அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் கண்ட அலை உயரக் கணிப்பு, வீராம்பட்டினத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிக்கப்பட்டது. உள்ளூர்ச் செய்திகளை ஊர்க்காரர்களே திரட்டித் தந்தனர்.

தகவலைத் தரவும் திருத்தவும் கிராமத்தாரால் முடிந்தது. அத்தகவலைத் தாங்கும் மென்பொருளைத் திருத்த யாரால் முடியும்? அன்றைய தமிழ்க் கணினி உலகம் முழுமைக்குமான கேள்வி இது. ஓர் எழுத்துருவில் தட்டியது இன்னொன்றில் குப்பையாகத் தெரிந்தது. மூலநிரல் விற்றவரிடம் பூட்டிக் கிடந்தவரை, பயன்படுத்தியவர் முறையிடலாமே தவிரச் சரிசெய்ய இயலாது.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டம் இந்தப் பூட்டை எதிர்த்தே எழுந்தது. நிரலைப் படிக்கவும் மாற்றவும் பகிரவும் எவருக்கும் உரிமை உண்டு என்றது அது. ஆனால் உரிமை மட்டும் போதாது, வழியும் வேண்டும். 1985இல் லாரி வால் எழுதிய 'பேட்ச்' என்னும் சிறுநிரல் அவ்வழியைத் தந்தது. முழு நிரலையும் அனுப்பாமல், நீக்கிய வரிகளையும் சேர்த்த வரிகளையும் மட்டும் அனுப்பினால் போதும். பெறுபவர் அதைத் தம் படியில் ஒட்டிக்கொள்வார். ஏடுகளை ஒப்பிட்டுப் பாடபேதம் குறித்த உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளை அறிந்தவர்களுக்கு இம்முறை அந்நியமாகத் தோன்றாது. இங்கும் எந்தப் பாடம் நிற்கவேண்டும் என்பதைப் பராமரிப்பாளர் ஆய்ந்தே முடிவுசெய்கிறார்.

1991இல் பிறந்த லினக்ஸ் கருவகம் இவ்வகை ஒட்டுகளால் வளர்ந்தது. மின்னஞ்சலில் வந்து குவிந்தவற்றைக் கையாள, 2002 முதல் பிட்கீப்பர் என்ற தனியுரிமைக் கருவியை லினஸ் டோர்வால்ட்ஸ் பயன்படுத்தினார். 2005இல் அதன் இலவச அனுமதி திரும்பப் பெறப்பட்டது. அதே ஏப்ரலில் அவர் 'கிட்' கருவியை எழுதத் தொடங்கினார். இலவசமாகக் கிடைப்பதற்கும் உரிமையாக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி அரிது.

2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் கேடிஈ, க்னோம் போன்ற பணிச்சூழல்களைத் தன்னார்வலர்கள் தமிழாக்கினர். மூலச் சொற்றொடர் ஒரு வரியிலும் அதன் தமிழ் அடுத்த வரியிலுமாக அமைந்த கோப்புகளில் ஒவ்வொரு சொல்லாக நிரப்பினர். நிரலெழுதத் தெரியாத தமிழாசிரியர்கூட இதில் பங்கேற்கலாம். அவர் தரும் நல்ல சொல் ஒன்று ஏற்கப்பட்டால், அடுத்த வெளியீட்டில் அதைப் பயன்படுத்தும் தமிழர் அனைவரின் திரைக்கும் வந்துசேரும்.

இன்று பாகூரில் இருந்தபடியே ஒரு மாணவி இதைச் செய்யலாம். கருவி வேண்டும், இணைப்பு வேண்டும், பராமரிப்பாளரின் மறுப்பைத் தாங்கும் பொறுமையும் வேண்டும். அவர் மறுத்தாலும் கதை முடிவதில்லை. தன் படியில் அந்தத் திருத்தத்தை வைத்துக்கொள்ளவும் பிறருக்குத் தரவும் அவளுக்கு உரிமை உண்டு. அந்த உரிமையை யாரும் திரும்பப் பெற இயலாது.