காய்ச்சல் விட்ட பிறகு

எங்கள் அப்பாயி கும்பகோணம் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1918-ல் அவருக்கு எட்டு வயது. அந்த வருஷம் வந்த விஷக் காய்ச்சலில் அவருடைய அம்மா போய்விட்டார். அந்தக் கதையை எப்போது சொன்னாலும் அப்பாயி ஒரே இடத்தில் நிறுத்துவார்.

"காய்ச்சல் விட்டுப் போச்சுடா. எழுந்து உக்காந்து கஞ்சி குடிச்சாங்க. நாலாம் நாள் மறுபடி குளிர் கண்டுது. நெஞ்சு வலி. இருமினா ரத்தம். ரெண்டே நாள்தான்."

காய்ச்சல் விட்டவர் ஏன் இறந்தார்? அப்பாயிக்குக் கடைசிவரை பதில் தெரியவில்லை. ரிட்டயர் ஆன பிறகு நான் படித்துத் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

அந்தக் காய்ச்சல் 1918 ஜூனில் பம்பாயில் தலைகாட்டியது. செப்டம்பருக்குப் பிறகு இரண்டாவது அலையாகப் பாய்ந்தது. இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேல் மாண்டார்கள். எந்தக் கிருமி காரணம் என்பதில் டாக்டர்களுக்கே குழப்பம். 1892-ல் ஜெர்மனியின் ஃபைஃபர் ஒரு பாக்டீரியாவைக் கைகாட்டியிருந்தார். ஆனால் 1918-ல் இறந்தவர்களின் நுரையீரலைப் பார்த்தால், சிலரிடம் அது இருந்தது. சிலரிடம் நிமோகாக்கஸ், சிலரிடம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ். உண்மையான காரணம் வைரஸ் என்பது 1933-ல்தான் லண்டனில் உறுதியானது.

அப்படியானால் அந்த பாக்டீரியாக்கள் எங்கிருந்து வந்தன? அவற்றில் பல நம்முடைய மூக்கிலும் தொண்டையிலும் சாதாரணமாகவே குடியிருப்பவை. திண்ணையில் படுத்திருக்கும் ஆள் மாதிரி. கதவு பூட்டியிருக்கும் வரை தொல்லை இல்லை.

அந்தக் கதவு எது? நாம் ஒரு நாளில் சுமார் 10,000 லிட்டர் காற்றை இழுக்கிறோம். அதில் வரும் தூசியும் கிருமியும் மூச்சுக்குழாயின் சளியில் ஒட்டிக்கொள்ளும். குழாயின் உட்சுவரில் உள்ள நுண்ணிய மயிர்கள் ஒரு நொடிக்குப் பத்துத் தடவைக்குமேல் அசைந்து, அந்தச் சளியைத் தொண்டைப் பக்கம் பெருக்கித் தள்ளும். நாம் அறியாமலே விழுங்கிவிடுவோம். வயிற்று அமிலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அதையும் தப்பிக் காற்றறைக்குள் இறங்கும் கிருமியை விழுங்க மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் காவல் இருக்கின்றன. செல்கள் இப்படி அந்நியப் பொருளைச் சூழ்ந்து தாக்குவதை மெட்சினிகாஃப் 1882-ல் இத்தாலியின் மெசினாவில் கவனித்தார். நட்சத்திர மீன் குஞ்சின் உடம்பில் முள்ளைக் குத்திவைத்துப் பார்த்தாராம்!

ஃப்ளூ வைரஸ் இந்த உட்சுவரைத்தான் உரித்துவிடுகிறது. துடைப்பமும் போச்சு, காவலும் தளர்ந்தது. வைரஸின் வேகம் அடங்கிக் காய்ச்சல் விடும். சுவர் வளர்ந்து மூட இன்னும் நாளாகும். அந்த இடைவெளியில்தான் திண்ணைக்காரன் உள்ளே நுழைகிறான்.

1918-19-ல் இறந்த 58 பேரின் பாதுகாத்துவைத்த நுரையீரல் துண்டுகளை அமெரிக்க ஆய்வாளர்கள் மறுபடி சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய எல்லாவற்றிலும் பாக்டீரியா நிமோனியாவின் தடயம் இருந்தது. பெனிசிலின் புழக்கத்துக்கு வர அப்போது இன்னும் இருபது வருஷத்துக்குமேல் இருந்தது.

மூன்று வருஷத்துக்கு முன் எனக்கு ஃப்ளூ வந்தது. ஐந்தாம் நாள் தேறி, ரேஷன் கடைவரை நடந்துவிட்டு வந்தேன். ஏழாம் நாள் இரவு குளிர் நடுக்கம். மூச்சு இழுத்தால் வலப்பக்கம் குத்தியது. "அசதிதான், காலையில் பார்க்கலாம்" என்றாள் மனைவி. எனக்கு அப்பாயியின் குரல் கேட்டது. அன்றிரவே ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரலின் அடியில் வெள்ளைத் திட்டு. ஆன்டிபயாடிக் ஊசி போட்டார்கள். ஒரு வாரத்தில் வீடு திரும்பினேன்.

என் வயதுக்கார நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. விட்ட காய்ச்சல் மறுபடி வந்தால் காலைவரை காத்திருக்காதீர்கள். ஃப்ளூ, நிமோனியா தடுப்பூசிகளைப் பற்றி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்.

அப்பாயியின் அம்மாவுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை.