செவிலியின் துயரம்

காதலனோடு உடன்போக்கில் சென்ற மகளை நினைந்து கலங்கும் செவிலித்தாய்க்குப் புலம்புவதற்கென்றே துறை வகுத்துக் கொடுத்தனர் சங்கப் புலவர். ஆஸ்பத்திரியில் ஊழியம் புரியும் செவிலிக்கோ அந்தப் பாக்கியத்தை எவரும் அளித்ததாகத் தெரியவில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை, தில்லையில் மார்கழித் திருவாதிரை உற்சவம் நிகழ்ந்துவந்த நாட்களில், தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு முதலிய கடலூர்க் குப்பங்களிலும், தெற்கே பரங்கிப்பேட்டை, கிள்ளைப் பகுதிகளிலும் ஆழிப்பேரலை புகுந்து, மாவட்டத்தில் 600க்கு மேற்பட்டோரைக் கவர்ந்தபோது, கடலூர் அரசு மருத்துவமனைக்குக் காயம்பட்டோரும் பிரேதங்களும் ஒருசேர வந்துகொண்டிருந்த அந்த வேளையில், பிள்ளையைத் தேடி வந்த தாய்மாருக்கு முதலில் முகங்கொடுக்க வேண்டியிருந்தவர்கள் வெள்ளுடுப்பு அணிந்த அப்பெண்களே. அக்காட்சி டூட்டி முடிந்தபின் அவர்களுடனேயே பஸ் ஏறி வீட்டுக்கும் வந்திராதா?

குப்பத்து மக்களின் மனோவியாகூலத்தைத் தணிக்கப் பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தார் தொண்டர்களைப் பயிற்றுவித்தார்கள். அது மெச்சத்தக்க கைங்கரியமே. ஆனால் தேற்றுகிறவளைத் தேற்றுவது யார் என்ற வினா அந்நாளில் அதிகம் எழவில்லை. அதன் பின்னும் சோதனைகள் ஓயவில்லை: 2011இல் தானே புயல்; 2020இல் கொரோனா. 1985இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தோன்றிய சிதம்பரத்து ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி, மகாமாரியின் நடுவிலேதான், 2021இல், அரசின் சுகாதாரத் துறையிடம் சென்றது. அங்கே முகக்கவசத்துடன் வார்டில் நின்ற செவிலியர் அன்றும் இரவு டூட்டிக்குக் கையெழுத்திட்டனர்.